கூட வர ஓர் ஆள்

(பழவேற்காட்டில் குப்பத்துப் பெரியவர்கள், மீன் விற்கும் பெண்கள், ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் வக்கீல் இல்லை, அதிகாரியும் இல்லை. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். மைக்கைப் பிடித்தால் கொஞ்சம் கை நடுங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வாத்தியாரம்மா என்பதால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டத்தான் வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் ஊர்ச் சொல் ஒன்றைக் கடன் வாங்கிக்கொள்கிறேன்.

பாடு. கடலுக்குப் போய் வந்தவரைப் பார்த்தால் 'மீன்பாடு எப்படி?' என்று கேட்கிறீர்கள். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு, முறை வைத்துத் தீர்மானிக்கிறீர்களே, அதற்கும் பாடு என்றுதான் பெயர். எங்கெங்கோ இருந்து ஆராய்ச்சியாளர்கள் வந்து எழுதிக்கொண்டு போகிற அளவுக்கு நேர்த்தியான ஏற்பாடு அது. வலுத்தவன் இளைத்தவனை அடித்துப் பிடுங்காமல் இருப்பதற்காக உங்கள் முன்னோர் கட்டிக் காத்த ஏற்பாடு. ஆனால் அந்தப் பாட்டில் பங்கு கேட்க ஒரு தகுதி வேண்டும். தலைக்கட்டாக இருக்க வேண்டும். கல்யாணமான ஆண்பிள்ளை தலைக்கட்டு. ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று பேச அவருக்கு உரிமை உண்டு. அவர் வீட்டுக்காரி சொல்ல வேண்டியது இருந்தால் அவர் வாய்வழியாகத்தான் வர வேண்டும்.

அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கஷ்டம் என்றால்? அந்தக் கஷ்டத்தைக் கொடுத்தவரே தலைக்கட்டாக இருந்தால்? இல்லை, அந்தத் தலைக்கட்டின் மச்சானாகவோ சித்தப்பாவாகவோ இருந்தால்? அப்போது பிள்ளையின் வாய்வழியாக யார் பேசுவது? 'பாடு' என்ற சொல்லுக்கு மூன்றாவதாக ஓர் அர்த்தமும் இருக்கிறது. படுகிற பாடு. முதல் இரண்டு பாட்டுக்கும் ஊரில் கணக்கு உண்டு. மூன்றாவதற்குக் கணக்கு வைக்க ஆள் இல்லை. இன்றைக்கு நான் பேச வந்தது அந்த ஆளைப் பற்றித்தான்.

இப்போது கணக்கு. ஒரு பிள்ளைக்குத் தகாத தீங்கு நடந்துவிட்டது என்று வையுங்கள். பத்து வயது. பெண்பிள்ளையாக இருக்க வேண்டியதில்லை, ஆண்பிள்ளையாகவும் இருக்கலாம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிற போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள எல்லாரையும் குழந்தை என்றுதான் சொல்கிறது. அந்தப் பிள்ளை முதலில் யாரிடம் சொல்லும்? ஆயாவிடம் சொல்லும். ஆயா அம்மாவைக் கூப்பிட்டு, 'நீயே சொல்லுடி' என்பாள். இரண்டாயிற்று. அம்மா டீச்சரிடம் அழைத்துக்கொண்டு போவாள். மூன்று. காவல் நிலையத்தில் பெண் எஸ்.ஐ. எழுதிக்கொள்வார். நான்கு. அரசு மருத்துவமனை டாக்டர், ஐந்து. குழந்தைகள் நலக் குழு, ஆறு. மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம், ஏழு. முன்பு அதை 164ஆம் பிரிவு என்று சொல்வார்கள், 2024 ஜூலையில் புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்த பிறகு அது 183 ஆகிவிட்டது. அரசு வழக்கறிஞர், எட்டு. கடைசியில் நீதிபதி, ஒன்பது.

ஒரே விஷயத்தை, வாய்விட்டுச் சொல்லவே கூசுகிற விஷயத்தை, ஒரு பிள்ளை ஒன்பது பேரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த ஒன்பது பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களை அது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பார்க்கும். எஸ்.ஐ.க்கு டிரான்ஸ்ஃபர் வரும், டாக்டருக்கு ஷிஃப்ட் மாறும், வழக்கறிஞர் மாறுவார், சில சமயம் நீதிபதியே மாறுவார். முதல் நாளிலிருந்து தீர்ப்பு நாள் வரை மாறாமல் கூட இருப்பவர் யார் என்று கேட்டால், குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவர்தான் என்று கணக்கு வருகிறது. இந்தக் கணக்கில் பிள்ளையின் பக்கம் ஒரு மாறாத எண் வேண்டாமா?

சட்டம் அந்த எண்ணை எழுதி வைத்திருக்கிறது. பலருக்கும் தெரியாது. எனக்கே ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளில் நாலாவது விதியும் ஐந்தாவது விதியும் அதைச் சொல்கின்றன. அந்த ஆளுக்குச் சட்டம் வைத்த பெயர் ஆதரவு நபர். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், கூட வர ஓர் ஆள்.

புகார் பதிவான 24 மணி நேரத்துக்குள் காவல் துறை குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு குழு, ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளையோடு ஒரே வீட்டில் இருப்பவர் என்றால், பிள்ளை அந்த வீட்டிலேயே இருக்கலாமா கூடாதா என்று மூன்று நாளுக்குள் அந்தக் குழு முடிவு செய்ய வேண்டும். பிள்ளையும் பெற்றோரும் சம்மதித்தால், விசாரணையிலும் வழக்கிலும் துணை நிற்க ஆதரவு நபர் ஒருவரை அந்தக் குழு நியமிக்கும். நியமித்த 24 மணி நேரத்துக்குள் காவல் துறை அதை நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

இதெல்லாம் ஏட்டில் இருக்கிறது. நடைமுறையில் எத்தனை குடும்பத்துக்குச் சொல்கிறார்கள்? 2023 ஆகஸ்ட் 18ஆம் தேதி உச்ச நீதிமன்றமே இதை எடுத்துப் பேசியது. ஆதரவு நபர் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெற்றோரின் விருப்பம் என்று விட்டுவிட்டு இருக்கக் கூடாது, இப்படி ஒரு துணை உண்டு, அதைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு என்று ஒவ்வொரு வழக்கிலும் சொல்லியாக வேண்டும் என்றது. நெஞ்சு பதறி நிற்கிற ஒரு தாயிடம் போய் 'ஆதரவு நபர் தேவையா?' என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? 'அதெல்லாம் வாணாம் சார், எங்களை வுட்டா போதும்' என்பாள். அந்தப் பதிலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்வதற்குப் பெயர் சம்மதம் இல்லை.

இந்த ஆள் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். நான் முதன்முதலாகத் துணைக்குப் போன ஒரு நாளைச் சொல்கிறேன். எந்தக் கோர்ட், எந்த வருஷம், பிள்ளைக்கு என்ன வயது என்று சொல்ல மாட்டேன். சட்டமும் விடாது, மனசும் விடாது.

பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டரை ஆகியும் கூப்பிடவில்லை. தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. பிள்ளை, அம்மா, நான். கோர்ட்டுக்குப் போவதற்காக அம்மா புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்திருந்தாள். வார் கடித்து, குதிகாலில் தோல் உரிந்து சிவந்திருந்தது. பிள்ளை அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காலை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தது. நான் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்திரி எடுத்து ஒட்டினேன். அப்போதுதான் அது வாயைத் திறந்தது.

'மிஸ், உள்ள போவசொல்ல செருப்பு கழட்டணுமா?'

அவ்வளவுதான் கேள்வி. எத்தனையோ அதிகாரிகள் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள் அந்தப் பிள்ளையிடம். அதற்கு ஒரு கேள்வி இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாலு நாளாக அந்தச் செருப்புக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்திருக்கிறது. கோயிலா, பள்ளிக்கூடமா, ஆஸ்பத்திரியா, இது எந்த மாதிரி இடம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். சாட்சி நாளுக்கு முன்னால் ஒரு நாள், கோர்ட் ஓய்ந்திருக்கிற நேரமாகப் பார்த்து, அனுமதி வாங்கிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுவேன். இதோ இங்கே நீதிபதி உட்காருவார், இங்கே நீ உட்காரலாம், தண்ணீர் இங்கே இருக்கும், பாத்ரூம் அந்தப் பக்கம். அந்த ஆளை நீ பார்க்க வேண்டியதில்லை. நீ சாட்சி சொல்லும்போது உன் கண்ணில் அவர் படாமல் நீதிமன்றம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று போக்சோ சட்டத்தின் 36ஆம் பிரிவு சொல்கிறது. வெளி ஆள் யாரும் உள்ளே இருக்க மாட்டார்கள், அது 37. எதிர்த்தரப்பு வக்கீல் உன்னை நேராகக் கேள்வி கேட்க முடியாது, கேள்வியை நீதிபதியிடம் கொடுப்பார், நீதிபதிதான் உன்னிடம் கேட்பார், அது 33. களைப்பாக இருந்தால் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லலாம். இதெல்லாம் பிள்ளைக்குச் சட்டம் கொடுத்த சீர்வரிசை. ஆனால் சீர்வரிசை வந்திருப்பதை வீட்டுக்குள் எடுத்து வைத்துக் காட்ட ஓர் ஆள் வேண்டுமே!

செய்யக் கூடாததும் உண்டு. ஆதரவு நபர் சாட்சி சொல்லிக் கொடுக்கக் கூடாது. ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தாலும் வழக்குக் கெட்டது. நான் பிள்ளைகளிடம் மூன்றே மூன்று வாக்கியம்தான் சொல்வேன். நடந்ததைச் சொல்லு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. கேள்வி புரியலைன்னா புரியலைன்னு சொல்லு. கணக்கு வாத்தியாராக இருந்தபோது இந்த மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தேன் என்றால் எத்தனையோ பிள்ளைகள் பாஸாகி இருப்பார்கள்.

கோர்ட்டோடு வேலை முடிவதில்லை. வழக்கு முடியும் வரை மாதா மாதம் குழந்தைகள் நலக் குழுவுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். பிள்ளை சாப்பிடுகிறதா, தூங்குகிறதா, பள்ளிக்கூடம் போகிறதா, வீட்டில் யாராவது மிரட்டுகிறார்களா, எல்லாம் அதில் வர வேண்டும். பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் உடனடி உதவி என்று எட்டாவது விதியில் ஒரு வழி இருக்கிறது. அதைக் கேட்டு எழுதி வாங்கித் தர வேண்டும். இழப்பீடு வழக்கு முடிந்த பிறகுதான் என்று பலர் நினைக்கிறார்கள். இடைக்கால இழப்பீட்டுக்கு வழக்கு நடக்கும்போதே மனுப் போடலாம்.

இதைப் போன்ற ஒரு யோசனை முன்பே எங்கே பிறந்தது தெரியுமா? ரொம்பத் தூரத்தில். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் டேவிட் சூக்கப் என்று ஒரு நீதிபதி. பெற்றோரால் அடிபட்ட, கைவிடப்பட்ட பிள்ளைகளை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வது அவர் வேலை. அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் தீர்ப்புச் சொல்கிறோமே என்று அவருக்கு உறுத்தியது. 1977இல் ஊர்ப் பொதுமக்களிலிருந்தே தன்னார்வலர்களைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்து, ஆளுக்கு ஒரு பிள்ளை என்று ஒப்படைத்தார். தபால்காரர், நர்ஸ், வீட்டில் இருக்கிற அம்மா, யாராக இருந்தாலும் சரி. அவர்கள் பிள்ளையின் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்ப் பார்த்து, இந்தப் பிள்ளைக்கு எது நல்லது என்று நீதிமன்றத்தில் வந்து சொல்வார்கள். இன்றைக்கு அந்த நாடு முழுக்க அது பரவியிருக்கிறது. நம் ஆதரவு நபருக்கு நீதிமன்றத்தில் அப்படி எழுந்து நின்று கருத்துச் சொல்லும் இடம் கிடையாது. அவர் வாய் அந்த மாதாந்திர அறிக்கைதான். அதனால் அந்த அறிக்கையை ஒப்புக்கு எழுதினால் பிள்ளைக்கு வாய் போச்சு.

அமெரிக்காவைப் பார்த்து வாய் பிளக்க வேண்டாம். இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிறார்களுக்கென்று தனிச் சட்டம் போட்டது நம் சென்னை மாகாணம்தான், 1920இல். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சட்டத்துக்கு நமக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

பஞ்சம் எங்கே என்றால், குப்பத்துக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் இருக்கிற வழியில். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு ஒரு பஸ். அங்கிருந்து திருவள்ளூருக்கு இன்னொரு பயணம். அரைநாள் அதிலேயே போய்விடும். மீன் விற்கிற அம்மா விடியற்காலை ஏலத்தை விட்டாக வேண்டும். அப்பா தன் முறை வருகிற நாளில் பாட்டை விட்டாக வேண்டும். போய்ச் சேர்ந்தால் 'இன்னிக்கு வாய்தா' என்பார்கள். பிள்ளையின் சாட்சியத்தை முப்பது நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், கூடுமான வரை ஒரு வருஷத்துக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்கிறது 35ஆம் பிரிவு. வாய்தாவுக்கு 35ஆம் பிரிவு தெரியாது. நாலு வாய்தா போனால் குடும்பம் தளர்ந்துவிடும். அந்தத் தளர்ச்சிக்காகத்தான் ஒருவர் காத்திருப்பார். 'எதுக்கு அலையறீங்க? நாளைக்குப் பொண்ணைக் கட்டிக் கொடுக்க வாணாமா? பேசி முடிச்சுக்கலாம்' என்று வருவார். அடுத்த விசாரணையில் பிள்ளை 'எனக்கு ஒண்ணும் தெரியாது' என்று சொல்லும். கோர்ட் பாஷையில் பிறழ் சாட்சி. எந்த மகராசன் அதற்கு அந்தப் பெயர் வைத்தாரோ! பிறழ்ந்தது யார்? பிள்ளையா, நாமா?

இங்கேதான் உள்ளூர் ஆள் வேண்டும் என்று சொல்ல வந்தேன். ஆனால் உள்ளூர் என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை மறைத்துப் பேசினால் உங்களுக்கே என் மேல் நம்பிக்கை போய்விடும்.

குப்பம் என்றால் எல்லாரும் பங்காளி, மாமன், மச்சான். நாடு முழுவதும் பதிவாகிற இப்படிப்பட்ட வழக்குகளைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் கணக்கெடுக்கிறது. நூற்றில் தொண்ணூறுக்கு மேல் குற்றம் சாட்டப்படுகிறவர் பிள்ளைக்குத் தெரிந்த ஆள். பக்கத்து வீட்டிலிருந்து துணைக்கு வருகிற பெண்ணுக்கு அந்த ஆள் கொழுந்தனாக இருப்பார். அவர் படகில் இவள் வீட்டுக்காரர் பங்கு ஆளாக இருப்பார். காலையில் பிள்ளை இவளிடம் சொன்னது சாயங்காலம் குழாயடியில் ஓடும். ரகசியம் காப்பது ஆதரவு நபரின் கடமை என்று விதி சொல்கிறது. நாலு தெரு ஊரில் அதை எப்படிக் காப்பது?

என் யோசனை இது. அதே குப்பத்து ஆள் வேண்டாம், ரொம்பத் தூரத்து ஆளும் வேண்டாம். உங்கள் பேச்சு புரிய வேண்டும், உங்கள் ஏலக்கூடத்து நேரம் தெரிய வேண்டும், உங்கள் சொந்தக்காரராக மட்டும் இருக்கக் கூடாது. லைட்ஹவுஸ் குப்பத்துப் பிள்ளைக்குப் பழவேற்காடு பஜார்ப் பக்கத்திலிருந்து ஒருவர். கோட்டைக்குப்பத்துப் பிள்ளைக்கு ஏரிக்கு அந்தக் கரையிலிருந்து ஒருவர். மீனவக் குடும்பத்துக்கு ஜமீலாபாத்தில் ஓலை பின்னுகிற ஒரு அக்கா துணைக்கு வந்தால் என்ன? இந்த ஊரில் மகிமை மாதா கோயிலும் மசூதியும் ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. பிள்ளைக்குத் துணை போக எந்தக் கோயிலிலிருந்து ஆள் வந்தாலும் சரிதான்.

உள்ளூர்க் கண் எதற்கு வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் சொல்கிறேன். இதை நான் ஏரியோரத்தில் கற்றுக்கொண்டேன்.

இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, ஓலைப் பறியை வாயில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் எடுப்பதை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். வலை கிடையாது, படகு கிடையாது, பாட்டுச் சீட்டும் கிடையாது. கரையில் சீமைக்கருவேல மரத்தில் ஒரு தூளி. தூளிக்குள் கைக்குழந்தை. அதை ஆட்டிக்கொண்டு ஆறு வயது அக்கா. வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி படிவத்தோடு வந்தால், 'கவனிப்பாரற்ற குழந்தை இரண்டு, பள்ளி செல்லாதது ஒன்று' என்று எழுதிக்கொண்டு போவார். பிள்ளைகளைக் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்வார். நம் ஆள் ஒருத்தி அங்கே நின்றால் வேறு ஒன்றைப் பார்ப்பாள். அந்தத் தாய் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் திருப்பித் தூளியைப் பார்ப்பாள். வாயில் பறி இருப்பதால் கூப்பிட முடியாது. கையைத் தூக்கி ஆட்டுவாள். ஆறு வயது அக்காவும் கையை ஆட்டும். அது கைவிடப்பட்ட பிள்ளை இல்லை. அங்கன்வாடி எட்டாத பிள்ளை. அதற்கு வேண்டியது காப்பகம் இல்லை, பக்கத்தில் ஓர் அங்கன்வாடி, அக்காவுக்குப் பள்ளிக்கூடம், குடும்பத்துக்கு ஒரு சாதிச் சான்றிதழ்.

அதே நேரத்தில், எல்லாம் வறுமை என்று கையைக் கழுவிவிடவும் முடியாது. முன்பணம் வாங்கிக்கொண்டு சூளைக்கோ அரிசி ஆலைக்கோ குடும்பத்தோடு போய் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் இருந்திருக்கிறார்கள். கொத்தடிமை முறை 1976இலேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது. குடித்துவிட்டு வந்து தினமும் அடிக்கிற அப்பனும் இருக்கிறான். பன்னிரண்டு நாள் காய்ச்சலை 'சரியாப்பூடும்' என்று விட்ட வீடும் இருக்கிறது. வறுமை எது, புறக்கணிப்பு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையைக் காப்பகத்தில் சேர்ப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்று கொள்கையாகவே வைத்திருக்கிறது. பிள்ளை குடும்பத்திலேயே இருந்து படிக்க மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது. குழந்தைகள் நலக் குழு முன்னால் போய், இந்தப் பிள்ளைக்கு இன்னது வேண்டும் என்று விவரமாகச் சொல்ல ஆள் இருந்தால்தான் அது வரும். முதல் படி ரொம்பச் சின்னது: 1098. பைசா செலவு இல்லாத எண்.

ஏரியைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. இந்த ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தண்ணீரில் கோடு கிடையாது, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கோடு உண்டு. 'சம்பவம் அந்தப் பக்கம் நடந்தது, அங்க போங்க' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். எந்த நிலையத்திலும் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்து, உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். அலைய வேண்டியது காகிதம். பிள்ளை எதற்கு அலைய வேண்டும்?

இப்போது பெரியவர்களிடம் நேராகவே பேசிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போக்சோ குற்றத்தைப் பஞ்சாயத்தில் பேசி முடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. அபராதம் போட்டாலும் இல்லை, காலில் விழ வைத்தாலும் இல்லை. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால், 19ஆம் பிரிவு, 21ஆம் பிரிவு இரண்டும் சேர்ந்து, சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை வைத்திருக்கின்றன. டீச்சருக்கும் அது உண்டு, நாட்டாருக்கும் உண்டு.

மிரட்டிவிட்டுப் போக நான் வரவில்லை. உங்கள் கையில் இருக்கிற ஒன்றைக் கேட்டு வந்திருக்கிறேன். வழக்குப் போட்ட குடும்பத்தை ஊர்க்கட்டுப்பாடு என்று ஒதுக்க மாட்டோம் என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கோர்ட்டுக்குப் போகிற நாளில் அந்தக் குடும்பத்தின் பாடு கெடாமல், முறையை ஒரு நாள் தள்ளி வைத்துக் கொடுங்கள். சாவு வீட்டுக்காரருக்கு ஒரு சலுகை கேட்டால் தர மாட்டீர்களா? அந்த மாதிரிதான் இதுவும். சுப்ரீம் கோர்ட் நினைத்தாலும் இதைச் செய்ய முடியாது. பாட்டுச் சீட்டு உங்கள் கையில்தான் இருக்கிறது.

இந்தக் கரைக்குப் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு பழைய கடனும் இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டை கட்டினார்கள். துணி வாங்கினார்கள், வெடிமருந்து செய்தார்கள் என்று டூரிஸ்ட்டுகளுக்குச் சொல்கிறோம். ஆள் வாங்கினார்கள் என்று சொல்வதில்லை. பஞ்சக் காலங்களில் அடிமைகளாக வாங்கப்பட்டவர்களைக் கப்பல் ஏற்றி இங்கிருந்து, இன்றைக்கு ஜகார்த்தா என்கிற பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். அவர்களில் சிறுவர் சிறுமியரும் உண்டு. டச்சுக் கல்லறையில் செதுக்கிய கல்லெழுத்து இன்றைக்கும் வாசிக்க முடிகிற அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. கப்பல் ஏறிய பிள்ளைகளுக்குக் கல் கிடையாது.

கடைசியாக, ஏன் நான் இந்த வேலைக்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தது. மூன்றாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம். தினமும் தூங்கிவிடும். வீட்டுப்பாடம் கிடையாது. நான் முட்டி போட வைத்தேன். ஒரு நாள் இல்லை, பல நாள். அரைப் பரீட்சைக்குப் பிறகு அது வரவில்லை. ராத்திரியில் அந்தப் பிள்ளை ஏன் தூங்காமல் விழித்திருந்தது என்று பல வருஷம் கழித்து வேறு ஒருத்தி சொல்லித் தெரிந்துகொண்டேன். பின்னக் கணக்கில் அது எத்தனை மார்க் வாங்கியது என்பது இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதன் அம்மா பெயர் தெரியாது.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஆதரவு நபராக நியமிக்கப் படிப்பும் அனுபவமும் பார்ப்பார்கள். திருவள்ளூரில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் அதற்கென்று ஒரு பதிவேடு இருக்கிறது. ஓய்வு பெற்ற டீச்சர்கள், நர்ஸ்கள், சமூகப் பணி படித்துவிட்டு வேலை தேடுகிற பிள்ளைகள் அதில் பெயர் கொடுங்கள். ஊதியமும் உண்டு, திறன் பெற்ற தொழிலாளிக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக் கூடாது என்று விதி. பட்டம் இல்லாதவர்களும் வரலாம். பிள்ளைக்கு நம்பிக்கை உள்ள ஓர் உறவினரோ நண்பரோ கூட இருக்க 33ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. பொன்னேரியில் வட்டச் சட்டப் பணிகள் குழு மூலம் சட்டம்சார் தன்னார்வலராகவும் ஆகலாம். கிராம அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று உங்கள் பஞ்சாயத்திலேயே ஒன்று இருக்க வேண்டும். கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். கொரோனாவுக்குப் பிறகு 2021இல் இல்லம் தேடிக் கல்வி என்று சொன்னதும் இந்த மாநிலத்தில் திண்ணைக்குத் திண்ணை பெண்கள் பாய் விரித்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்களே, அவர்கள் எங்கும் போய்விடவில்லை. இந்தக் கூட்டத்திலேயே சிலர் இருப்பீர்கள்.

அந்தச் செருப்புப் பிள்ளையைப் பற்றி ஒன்று பாக்கி. அன்றைக்கு மத்தியானம் கூப்பிட்டார்கள். போட்டுக்கொண்டே போகலாம் என்று நான் சொல்லியும், அது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தது. பிறகு என்னிடம் கொடுத்து, 'வச்சிங்க மிஸ், வந்து வாங்கிக்கறேன்' என்று சொல்லிவிட்டு உள்ளே போயிற்று. நானும் பின்னாலேயே போனேன். முக்கால் மணி நேரம், அந்தச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, வாய் திறக்காமல், அதன் கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் என் வேலை. அதற்குத்தான் ஆள் கேட்கிறேன்.

வாசல் பக்கம் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பேனாவும் கட்டித் தொங்குகிறது. முதல் வரியில் நாங்களே ஒரு பெயரை எழுதி வைக்கலாமா, பார்த்து மற்றவர்கள் எழுதுவார்களே என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். முதல் வரி காலியாகவே இருக்கிறது. போகும்போது பாருங்கள்.